முகம் திரும்பிய குழந்தை

— அண்ணி, குனிஞ்சு பாப்பாவைப் பார்த்து லேசா சிரிங்களேன்.

— பால் குடுக்கும்போது எவடி சிரிக்கிறா? கழுத்து விட்டுப்போகுது. முதுகுக்கு அந்தத் தலகாணியை எடுத்து வை.

— கதையில, சினிமாவுல, எல்லாத்துலயும் சிரிக்கிறாங்களே?

— சிரிப்பாங்க. பின்னாடி நிலா வேற இருக்கும். சாய ஒரு நாற்காலிதான் இருக்காது.

— சரி தாயே, நிலா வேண்டாம். ஆனா நான் வரையுற இந்தப் படம் ஆஸ்பத்திரிச் சுவருக்கு. போன வருஷம் குடுத்த மாதிரியே இன்னொண்ணு வேணுமாம். பாப்பா முகம் தெரியவே இல்லையே, கொஞ்சம் என் பக்கம் திருப்புங்க.

— திருப்பினா வாய் எங்க போகும்?

— அட, ஆமால்ல.

— ஆமாவாம். தண்ணி குடிக்கிறப்ப ஜன்னலைப் பார்த்துக்கிட்டே குடின்னா நீ குடிப்பியா? பிள்ளை வயிறு என் வயித்தோட ஒட்டணும், வாய் நேரா வரணும்.

— இதெல்லாம் யார் அண்ணி உங்களுக்குச் சொன்னா?

— ஒரு நர்ஸம்மா. அதுவும் வீட்டுக்குக் கிளம்புற அன்னிக்கு. வந்தாங்க, பிள்ளையைப் புரட்டி என் பக்கம் போட்டாங்க. கபக்குன்னு பிடிச்சுக்கிட்டா.

— அப்போ உங்களுக்குப் பாலே இல்லைன்னு சொன்னது?

— பால் இருந்துச்சு. அவளுக்குத்தான் எட்டலை. எங்க பரம்பரையில யாருக்கும் இப்படி இல்லைன்னு உங்கம்மா சொன்னாங்க. நீ வெளியூர்ல இருந்து பவுடர் டப்பா அனுப்பினே.

— நல்லதுக்குத்தானே அனுப்பினேன்?

— தெரியும்டி. ஆனா அதைப் பிரிக்கிறப்ப அழுதேன். பெத்தும் நான் அம்மா ஆகலையோன்னு இருந்துச்சு.

— ஐயோ, எங்கிட்ட சொல்லவே இல்லையே. முதல்லயே பிள்ளையை ஏன் ஒழுங்கா போடலை? யாராவது தப்பா சொல்லிக் குடுத்தாங்களா?

— யாரும் சொல்லலை. ஆஸ்பத்திரியில என் கட்டிலுக்கு எதிர்ச் சுவத்துல ஒரு படம். அதுல அம்மாக்காரி குனிஞ்சு சிரிப்பா. பிள்ளை மல்லாந்து படுத்து நம்மளைப் பார்க்கும். ராவும் பகலும் அவளைப் பார்த்துப் பார்த்து, நானும் அப்படியே உட்கார்ந்தேன். பிள்ளை கத்துச்சு.

— எந்த மடச் சாம்பிராணி வரைஞ்சதாம்? ஓரத்துல பேர் போட்டிருக்குமே, பார்க்கலையா?

— பார்த்தேன். நம்ம வீட்டுப் பொண்ணு வரைஞ்சது, தப்பா இருக்காதுன்னுதான் நம்பினேன்.