அவர் வாங்கித் தந்த பனிவாரி

விசாரணைக்கு என்று உங்கள் ஆட்கள் எடுத்துப்போன சமையலறைத் தராசை வேலை முடிந்ததும் திருப்பித் தந்துவிடுங்கள். ஈஸ்டர் வருகிறது, ரொட்டிக்கு மாவு நிறுக்க என்னிடம் வேறு தராசு இல்லை.

இருந்தும் என்ன புண்ணியம். என் கணவர் வென்டலின் அதில் என்னை மாவு நிறுக்க விட்டதே இல்லை. குளிர்காலம் முழுக்க அதன்மேல் அவருடைய மலைச் சாமான்கள்தான். மூக்குக்கண்ணாடி வைக்கும் கூட்டைக்கூட நிறுத்துப் பார்த்து, கனம் என்று தூக்கிப் போட்டார். அப்புறம் பனிச்சரிவில் புதைந்தவரை மீட்கும் சாமான்களில் கைவைத்தார். புதைந்தவர் மேலிருக்கும் பீப்பரின் சிக்னலைப் பிடித்து இடம் காட்டும் இன்னொரு பீப்பர், பனிக்குள் குத்தித் தேடும் மடக்குக் கோல், தோண்டுவதற்கு ஒரு பனிவாரி. இன்ஸ்புரூக்கில் கடை கடையாக ஏறி, இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து ஆளுக்கொன்று வாங்கிவந்தார். அந்தப் பனிவாரி பிளாஸ்டிக். குழந்தைக்கு மணலில் விளையாடக் கொடுக்கலாம்.

என்னிடம் உலோகத்தில் ஒன்று இருந்தது. மீட்புப் பயிற்சிக்குப் போனபோது வாங்கியது. சரிந்த பனி நின்றதும் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், பிளாஸ்டிக் அதில் எகிறும் என்று அங்கே செய்தே காட்டினார்கள். இதை அவரிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

"யாரைத் தோண்டப்போற, என்னையா? நான் மாட்டுற ஆளா ரோஸ்விதா?" என்றார்.

மலைக்குடிலில் எல்லோரும் சூப் குடிக்கும்போது என் பையைத் தூக்கிக் காட்டுவார். "எங்க வீட்டம்மா அடுப்பையும் சேர்த்துக் கட்டிட்டு வந்திருக்காங்க, பாருங்க." மேசையே சிரிக்கும், நானும் சிரித்து வைப்பேன். அதுகூடப் பரவாயில்லை. ஏற்றத்தில் அவர் முன்னால் போய்விடுவார். மேலே உட்கார்ந்து ரொட்டியும் உப்புக்கறியும் தின்றுகொண்டு எனக்காகக் காத்திருப்பார். நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்ததும், "வந்துட்டியா, போலாம்" என்று எழுந்துவிடுவார். ஓய்வெல்லாம் அவருக்கு மட்டும்தான். கல்யாணமான நாளிலிருந்து எல்லா மலையிலும் இதே கதை, எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று வண்டி நிறுத்துமிடத்தில் என் பையைத் திறந்து, உலோகப் பனிவாரியை எடுத்துக் காரில் போட்டார். தன் கையாலேயே பிளாஸ்டிக்கை உள்ளே வைத்தார். கையுறையை மறந்துவிட்டேன் என்று சாக்குச் சொல்லி நான் காருக்குத் திரும்பிப் போய், என் உலோகப் பனிவாரியையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவருக்கு ஒன்று ஆகிவிடக் கூடாதே என்றுதான். அப்போது வேறு எண்ணமே இல்லை, இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

சரிவைக் குறுக்காகக் கடக்கும்போதும் அவர்தான் முன்னால். காலடியில் பனி பிளந்தது, அவரையும் இழுத்துக்கொண்டு கீழே போய் நின்றது. நான் இறங்கிப் போனேன். பயிற்சியில் சொன்னபடியே எல்லாம் செய்தேன். பீப்பர் இடத்தைக் காட்டியது. கோலை இறக்கினேன், மெத்தென்று பட்டது. கோலை அப்படியே நிற்கவிட்டுப் பையைத் திறந்தேன்.

இரண்டும் இருந்தன. அவர் வாங்கித் தந்ததை எடுத்தேன்.

எகிறியது. நான் தோண்டவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, உள்ளங்கையைப் பாருங்கள், இன்னும் கொப்புளம் ஆறவில்லை. மற்றதை எடுத்திருந்தால் அவரை உயிரோடு வெளியே இழுத்திருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எடுக்கவில்லை. ஒரு தடவையாவது அவர் பேச்சைக் கேட்டு நடப்போமே என்று தோன்றியது.

பீப்பர் கத்திக்கொண்டே இருந்தது, அணைத்துவிட்டேன். மீட்புப் படைக்குப் போன் போட்டது ரொம்பப் பின்னால்தான். அதற்கு முன்பு, கோலுக்குப் பக்கத்தில் பையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். உள்ளே இருந்த உலோகம் தொடையில் கொஞ்சம் உறுத்தியது. பிளாஸ்க்கைத் திறந்து நிதானமாகத் தேநீர் குடித்தேன். நான் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் எனக்காகக் காத்திருந்தது அன்று ஒருநாள்தான்.