பையில் ஒரு குதிரை முள்ளங்கி

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் சேக்காட்டைச் சேர்ந்த ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். யாருடைய கல்யாணப் பேச்சை மறுபடி எடுக்கப் போகிறார்களோ, கணவனின் அந்தத் தங்கச்சி வரவில்லை.

“வேரை எடுத்துக்கினியா? மோந்து பாத்தாதான் மாப்ள ஊட்ல நம்புவாங்க” என்றார் மனைவி.

“பையில கீது.”

“ஏசிலேர்ந்து சொட்டுற தண்ணிய ஊத்தி வளத்த அந்த ஃபாரின் குதிரை முள்ளங்கிய, பொண்ணு பாக்க வந்த அன்னிக்கா புடுங்கி மிக்ஸில அரைப்ப?”

“பஜ்ஜிக்குத் தொட்டுக்க புதுசா இருக்கட்டும்னுதான்.”

“மிக்ஸி மூடியத் தொறந்ததும் நெடி உன் தங்கச்சி கண்ணுல ஏறி, காபித் தட்டோட அழுதுகினே போய் நின்னா. பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு எழுந்து பூட்டாங்க. அவளுக்கு அந்தப் பையனப் புடிச்சிருந்துச்சுய்யா!”

“அதான் நேர்ல போய் சொல்லப் போறோமே.”

“நடுறதுக்கு வேர் வாங்குனியே, எவ்ளோ?”

“கூரியரோட அறுநூறு.”

“இந்தப் பழம், பூ, ஸ்வீட்டு?”

“எண்ணூறு.”

“அவள அழவைக்க ஒரு வெங்காயம் போதாதாய்யா, ஆயிரத்து நானூறு ரூபாயா?”