தட்டில் உப்புத் தண்ணி

கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு. நடுவுல எவனாவது இளிச்சீங்க... பாதியிலேயே எழுந்து போயிடுவேன், சொல்லிட்டேன்.

நம்ம சோடாபுட்டி இருக்கான்ல, அவனோட சித்திக்கு நடந்தது இது.

விடியறதுக்கு முன்னாடி, நாலு மணி. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு ரோடு. ஒரு பக்கம் மதில், இன்னொரு பக்கம் பிணவறை. ஈ காக்கா இல்ல. சித்தி தனியா நடந்து போறாங்க...

ஆபரேஷன் சாமான் கழுவுறதுதான் அவங்க வேலை. கத்தி, கத்திரி, இடுக்கி... எல்லாம் ஸ்டீல். துருவே பிடிக்காதுங்கறது சும்மா பேச்சுக்கு. ரத்தம் காஞ்சாலும், உப்புத் தண்ணி பட்டு அப்படியே கிடந்தாலும் கறை ஏறிடும். அதனால தேச்சு, நல்ல தண்ணியில அலசி, கத்திரியை எல்லாம் விரிச்சு வெச்சு, பொட்டு ஈரம் இல்லாம துடைப்பாங்க.

அன்னிக்குக் காலைல அவங்க வீட்டுக்காரருக்கே வயித்துல ஆபரேஷன். "நீ கழுவுன கத்தின்னாதான் படுப்பேன், இல்லன்னா எழுந்து ஓடிடுவேன்"னு கிண்டல் பண்ணாராம் மனுஷன். முந்தின நாளே சித்தி எல்லாத்தையும் துடைச்சுத் தட்டுல அடுக்கிட்டாங்க. ஆனா மனசு கேக்கல. கிருமி சாக ஆவியில வைக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாத்துடலாம்னு போனாங்க.

கதவு... கிறீச்.

சொட்... சொட்...

குழாய் எதுவும் திறந்திருக்கல. ஜன்னல் வழியா வந்த ரோட்டு வெளிச்சத்துல, தொட்டிகிட்ட ஒருத்தி முதுகைக் காட்டிக் குனிஞ்சு நிக்கிறா. ஏப்ரன் நாடா அறுந்து, காயத்துக்குக் கட்டுற துணியால முடிச்சுப் போட்டிருக்கா. ஈர இரும்பு வாடை.

"யாரது?"

அவ திரும்பல.

சித்தி ஓடிப்போய் வாட்ச்மேனைக் கூட்டிட்டு வந்து லைட்டைப் போட்டா... யாரும் இல்ல. தட்டு மட்டும் நனைஞ்சிருக்கு. சாமான் மேலெல்லாம் பழுப்புப் புள்ளி. ஈரத்தை விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தாங்க. உப்பு.

ஒரு கத்திரியைப் பென்சில் ரப்பரால தேச்சாங்க. கறை போச்சு... அடியில துரு அரிச்ச குழி. இனி அது எதுக்கும் ஆகாது. தட்டோட ஒதுக்கிட்டு, வேற சாமான் எடுத்து, பாத்துப் பாத்துக் கழுவி அனுப்பினாங்க. ஒரு பொட்டுக் கறை இல்ல.

அவர் கண்ணு முழிக்கவே இல்ல.

மறுநாள், அதே நேரம். யார் சொல்லியும் கேக்காம சித்தி அங்க போனாங்க. அவர் ரத்தம் பட்ட சாமானை வேற யாரும் கழுவக் கூடாதாம். லைட் போட மனசில்ல. ஏப்ரனை இழுத்துக் கட்டும்போது நாடா அறுந்துடுச்சு. கைக்குக் கிடைச்ச கட்டுத் துணியைச் சேத்து முடிஞ்சுக்கிட்டாங்க. தட்டு மேல குனிஞ்சாங்க. அழுகை அடக்க முடியல.

சொட்... சொட்...

பின்னாடி கதவு... கிறீச்.

"யாரது?"

அவங்க குரலேதான்.

அப்பதான் முந்தின நாள் இதே இடத்துல பாத்த இடுப்பு முடிச்சு ஞாபகம் வந்துச்சு. வாசல்ல நிக்கிறவளோட புருஷன் இன்னும் உயிரோட இருக்கார்! 'ஆபரேஷன் வேணாம், அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்...

கழுத்து திரும்பல. குரல் வரல. காலடிச் சத்தம் ஓடிப் போயிடுச்சு.

சித்திக்கு இப்பவும் அங்கதான் வேலை. தினம் நாலு மணிக்கே போய், அந்தத் தொட்டிகிட்ட குனிஞ்சு நிக்கிறாங்க. தினமும் கதவு திறக்குதாம். தினமும் 'யாரது'ன்னு கேக்குதாம்...

இன்னிக்கு வரைக்கும் கழுத்து திரும்பல.