ஆறாவது சுருள்

நான் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. குறையாகச் சொல்லவில்லை, கொடுத்ததைக் குடித்துவிடுகிறேன்.

ஹோரஸும் இப்படித்தான். கேட்காமலே மூன்று கரண்டி போட்டுவிடுவார், இருபத்திரண்டு வருஷமாக. இந்த டான்காஸ்டர் ஊரில் அவருக்கும் எனக்கும்தான் பழைய குதிரைப் பந்தயச் சிரிப்புப் படங்களின் மேல் பைத்தியம். மீன் வண்டி இழுக்கும் கிழட்டுக் குதிரை தவறுதலாகப் பெரிய பந்தயத்தில் ஓடும் படம் ஒன்று. மொத்தம் ஆறு ஃபிலிம் சுருள். வேறு பிரதி எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. ஐந்து சுருள் என்னிடம். பந்தயம் முடிகிற ஆறாவது அவரிடம்.

விற்க மாட்டார், இரவல் தர மாட்டார், காட்டவும் மாட்டார். படம் சேர்ப்பவர்களின் மன்றத்தில் எல்லோர் முன்னாலும் கேட்பார்: "என்னய்யா க்ளிஃப், உன் குதிரை இன்னும் ஓடிக்கிட்டேதான் இருக்கா?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய முடியும்? "ஒரே ஒரு தடவை காட்டுங்க, ஹோரஸ்" என்று கெஞ்சினால், "நான் செத்தப்புறம் பாத்துக்கய்யா" என்பார்.

எங்கள் ஊர் செப்டம்பர் குதிரைப் பந்தய நாளன்று மதியம் அவரே கூப்பிட்டார். வேறொரு படத்தின் சுருள் ஒட்டிக்கொண்டதாம், பிரிக்க இன்னொரு கை வேண்டுமாம். தோட்டத்துக் கொட்டகை முழுக்க டப்பாக்கள். அந்தக் காலத்துச் சுருள் சட்டென்று பற்றிக்கொள்ளும். விளக்கைத் தள்ளி வைக்கும்படி இரண்டு முறை சொன்னேன். "எனக்கே பாடமாய்யா?" என்றார். சுருளின் நுனியை விளக்கருகே தூக்கிப் பார்த்தார். அவ்வளவுதான், குப்பென்று பற்றிக்கொண்டது.

நான் கதவோரம் நின்றிருந்தேன். அவருக்கு முட்டி வலி, எழுந்திருக்கவே நேரமாகும். ஒரு ஆளால் எதைத் தூக்க முடியுமோ அதைத்தான் தூக்க முடியும், ஐயா. ஆறாவது சுருளின் டப்பா கைக்கெட்டும் அலமாரியில் இருந்தது.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். "க்ளிஃப், கதவத் திறய்யா" என்றார், கோபமே இல்லாமல். மறதியாகச் சாத்திவிட்டேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. பிறகு இன்னொரு தடவை கூப்பிட்டார்.

அன்று மாலையே சுருளை ஓட்டிப் பார்த்தேன். குதிரை ஜெயித்துவிட்டது. சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேலி பேச ஆளில்லாமல் அழுகைதான் வந்தது.

எழுதிக்கொள்ளுங்கள். வெளித்தாழ்ப்பாளைப் போட்டது நான்தான். காற்றுப் புகுந்தால் தீ வளரும். உள்ளே இருந்த மற்ற படங்களையாவது காப்பாற்றலாம் என்றுதான் போட்டேன்.

மேஜையில் இருக்கும் அந்தத் தாளா? ஆமாம், பழைய சுருளைப் பத்திரமாகக் கையாள்வது பற்றி மன்றத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கொடுப்பது. எழுதியது நான்தான். முதல் வரியா, ஐயா? படிக்கிறேன்: "இந்தச் சுருள் எரிவதற்குக் காற்றே தேவையில்லை."