அடித்தட்டுல எதை வைக்கிறது

இருங்க, இருங்க, எந்திரிக்காதீங்க. தலகாணிய நானே தூக்கி வைக்கிறேன். தாடையில கம்பி போட்டிருக்குல்ல, பேச வராதுன்னு தெரியும். விரலக் காட்டுங்க, போதும். ஆமான்னா ஒண்ணு, இல்லேன்னா ரெண்டு. சிஸ்டர்கிட்ட ஜூஸ் வேணும், வேணாம்னு அப்படித்தானே சொல்றீங்களாம்.

அத்தை வராந்தாவுல உக்காந்து, எம்புள்ளைக்கு எல்லாம் மறந்துபோச்சுன்னு போறவங்க வர்றவங்களையெல்லாம் நிறுத்தி அழுவுறாங்க. போலீஸ் மேடம் வந்து கேட்டப்பவும் கூரையவே பாத்துட்டு இருந்தீங்களாம். பாப்பா கை எப்படி ஒடிஞ்சதுன்னு நான் ஒண்ணு சொல்றேன், ஸ்டூல்லேருந்து விழுந்தான்னு அத்தை ஒண்ணு சொல்றாங்க. அன்னைக்கு நடந்ததே தெரியாத ஆள எப்படி விசாரிக்கிறதுன்னு டாக்டர் கேக்குறாரு. செவ்வாக்கெழம உங்கள வீட்டுக்கே அனுப்பிடுவாங்களாம். வீட்டுல பாப்பா இருக்கா. செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில போயிடுறா.

சரி விடுங்க. நான் வந்தது மீன் விஷயமா.

மீன்தொட்டிக்குப் புது ஃபில்டர் வாங்கியாச்சு. பழசு எப்படிம்மா உடைஞ்சதுன்னு கடைக்காரர் கேட்டாரு. எங்க வீட்டுக்காரர் தாடையில பட்டு உடைஞ்சதுன்னேன். அவரு சிரிச்சாரு. நானும் சிரிச்சு வச்சேன்.

இப்படி முழிச்சா எப்படி? ஓ, உங்களுக்குத்தான் ஞாபகம் இல்லையே. பெரிசு ஒண்ணத் தவிர மீனு ஏழும் மல்லாந்து மிதந்துச்சு. ஃபில்டரத் தெறந்து பாத்துட்டு, உள்ள இருக்குற பீங்கான் வளையத்தக் கழுவினது யாருன்னு கேட்டீங்க. பாப்பா ஓடி வந்து, நானும்ப்பா, நானும் தேய்ச்சேன்னா. பாராட்டுவீங்கன்னு நெனச்சிருக்கா. தேய்ச்ச கையப் பிடிச்சு முறுக்கினீங்க. சுள்ளி ஒடியற மாதிரி சத்தம். அதுக்கப்புறமும் விடல. தரையில கெடந்த ஃபில்டர நான் ரெண்டு கையாலயும் தூக்கினேன். தண்ணியும் கல்லுமா, பொறந்த பிள்ள கனம். ஒரே வீச்சுதான். பல்லு எது வளையம் எதுன்னு தெரியாம தரையெல்லாம் வெள்ளையா உருண்டுச்சு.

முறைக்காதீங்க, கம்பி இழுக்கும். இங்க பாருங்க, இதுல மூணு தட்டு. தண்ணி கீழ நுழைஞ்சு மேல ஏறுதாம். கடைக்காரர் எதை எங்க வைக்கணும்னு சொன்னாரு, ஆனா எனக்கு இடது பக்கமா நின்னு சொன்னாரு. அந்தக் காதத்தான் நீங்க போன வருஷமே மூடி வச்சுட்டீங்களே, பாதிதான் விழுந்துச்சு. மீனுக்கு வச்ச ஹீட்டர் அணைஞ்சுபோச்சுன்னு என் தலையத் தொட்டி விளிம்புல மோதினீங்க, அப்ப போனது. மோதிட்டு, கண்ணாடி கீறிடுச்சான்னு தடவிப் பாத்தீங்க. நல்லவேள, கீறல.

அடித்தட்டுல இந்த நைசு பஞ்ச வைக்கவா? ரெண்டு விரலா? ஏங்க, மெத்துன்னு நல்லாத்தானே இருக்கு. ஓ, மூக்கப் பொத்திக் காட்டுறீங்க, அடைச்சுக்குமா. அப்ப இந்தப் பெரிய ஓட்டை ஸ்பாஞ்சு. ஒண்ணு. சரி. பெரிய அழுக்கெல்லாம் இதுலயே நின்னுடும். அதுக்கு மேல நைசு. பாருங்க, எனக்கும் கொஞ்சம் மூளை இருக்கு.

கரி வைக்கணுமா? ரெண்டா. எதுக்கு மாத்திர அட்டையத் தட்டுறீங்க? மீனுக்கு மருந்து ஊத்தினா, அப்புறம் அத உறிஞ்சத்தான் கரியா. அப்ப அது கெடக்கட்டும்.

அந்தப் பெரிய ஆண் மீனு ஒண்ணுதான் பொழைச்சிருக்கு. பாப்பாவுக்காக ரெண்டு குட்டி வாங்கி அது கூட விட்டேன். விட்ட கொஞ்ச நேரத்துல ஒண்ணோட கண்ணத் தோண்டித் தின்னுடுச்சு. இன்னொண்ண வயித்துலயே கடிச்சு கிழிச்சுப் போட்டுச்சு. தனியா வச்சேன், இப்ப சாது மாதிரி சுத்துது.

மேல்தட்டுக்கு பீங்கான் வளையம், அதுல சந்தேகம் இல்ல. கடைக்காரர் தன் தொட்டிலேருந்தே பழைய வளையத்த எடுத்து, அதே தண்ணியோட கவர்ல கட்டிக் குடுத்தாரு. இந்தாங்க, சேறு பூசினாப்புல இருக்குல்ல. இந்தப் பழுப்புலதான் தண்ணிய சுத்தம் பண்ற உயிரெல்லாம் இருக்காம். அது செத்தா மீனும் சாகுமாம். எனக்கு யாரு சொன்னா? பாசி பிடிச்ச பானைய எங்கம்மா இப்படி விட்டு வச்சதில்ல. அதான் அன்னைக்கு அலசினேன். அதுவும் வெறும் தொட்டித் தண்ணியிலதான் அலசினேன். அதுக்குப் போயி மீனு செத்திருக்காதுங்க, உங்க தொட்டியிலயே ஏதோ கோளாறு.

என்ன, ரெண்டு விரலு? தொட்டித் தண்ணிதாங்க. மறுபடியும் ரெண்டா. சரி, கொழாத் தண்ணின்னே வச்சுக்கங்க. அதுவும் இல்லையா? சோப்புத்தூளு கொஞ்சூண்டு போட்டேனோ என்னவோ. கட்டில ஏன் இப்படிக் குத்துறீங்க, ஊசி கழண்டுக்கும். எத காட்டுறீங்க? இந்த ரூம் வாஷ்பேசினுக்கு அடியிலயா? அந்தத் தரை தொடைக்கிற பாட்டிலா?

ஆமாங்க. ப்ளீச்சிங் தண்ணிதான். மூடி மூடியா ஊத்தினேன். பாப்பா பிரஷ்ஷால தேய்ச்சா.

நான் அத இங்க யாருகிட்டயும் சொல்லல. போலீஸ்லயும் கழுவினேன்னு மட்டுந்தான் சொன்னேன். நீங்க தொட்டியப் பாத்துட்டு, சமையக்கட்டுக்குள்ள போயி பாட்டில மோந்து பாத்துட்டு வந்தீங்களே, அன்னைக்கு மோந்தது ஞாபகம் இருந்தாத்தான் அது உங்களுக்குத் தெரியும்.

இப்ப விரல மடக்கி என்ன பிரயோஜனம்.

மேடம், வாங்க, அந்தத் திரையத் தள்ளிட்டு வாங்க. டாக்டர் சார், நீங்களும். ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க. கேட்டீங்கல்ல, ஸ்பாஞ்சுலேருந்து பாட்டில் வரைக்கும் இவருக்கு எதுவும் மறக்கல. நான் அடிச்சதையும் எழுதிக்கங்க, நான்தான் அடிச்சேன், எங்க வேணா வந்து சொல்றேன். மிச்சத்த இவரக் கேளுங்க. இந்தக் கவருக்குள்ள காத்து தீர்றதுக்குள்ள நான் வளையத்தக் கொண்டுபோயி தண்ணியில விடணும்.