சூப்பர்வைசர் நாற்காலிக்கு ஒரு இங்கிலீஷ் வரி

...கேட்டியாம்மா? ‘மடிப்பு சரியில்ல, திரும்பத் தேயுங்கக்கா’ங்கிறா! யாரு, என் சொந்தக் கொழுந்தன் பொண்டாட்டி! அந்த நாற்காலியில இன்னிக்கு நான் உக்காந்திருக்கணும். நானு! பன்னெண்டு வருஷமா இந்த ஓட்டலுக்குப் பெட்ஷீட் தேய்ச்சு என் காலு எப்படி வீங்கிக் கெடக்குன்னு பாரு. நேத்து வேலைக்கு வந்தவ, உனக்கென்ன தெரியும்... அந்த முனையப் புடி, ஆங்.

சூப்பர்வைசர் வேல காலியாச்சு. மேனேஜர் கூப்பிட்டுப் பேசுவாருன்னாங்க. எங்க வீட்டு மனுஷன் சும்மா இருக்காம, ‘இங்கிலீஷ்ல ஒரு வரி எடுத்து விடு, அசந்துருவாரு’ன்னாரு. அவரு எடுத்து விட்டு எத்தன பேரு அசந்தாங்கன்னு நான் கேக்கல, விடு. போனப் பாத்து ஒண்ணு புடிச்சேன். ‘ஹார்டு ஒர்க் பேஸ் ஆஃப்.’ உழைச்சா பலன் கெடைக்குமாம். இதச் சொல்றதுக்கு ஒரு வெள்ளக்காரன்! ஆனா நாக்குல நிக்கணுமே? மூணு வாரம்மா! குளிக்கும்போது, கூட்டும்போது, இங்க தேய்க்கும்போது...

தேய்க்கும்போதா? நான் எங்க தேய்ச்சேன்! அந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு வாயக் கோணிக்கிட்டுல்ல இருந்தேன். என் மூட்டையெல்லாம் பக்கத்து மேசையில நின்ன இவதான், இந்தக் கொழுந்தன் பொண்டாட்டிதான் தேய்ச்சா. ஊமக்கோட்டான்! இங்கிலீஷ்ல தன் பேரக்கூட எழுதத் தெரியாது.

மேனேஜர் ரூமுக்குப் போனேன். அவரு கேள்வி கேக்குறதுக்குள்ள எடுத்து விட்டேன் பாரு... ஒரு எழுத்து பிசகல! மனுஷன் தலைய ஆட்டி, ‘ரொம்பக் கரெக்டும்மா’ன்னாரு. எனக்கு அப்பவே நாற்காலியில உக்காந்த மாதிரி ஆயிருச்சு. அப்புறம் டிராயரத் தொறந்து ஒரு கட்டுத் துண்டுச் சீட்ட எடுத்துப் போட்டாரு. தேய்ச்ச மூட்டையில அவங்கவங்க பேர எழுதிச் சீட்டுக் குத்தி அனுப்புறோம்ல, அந்தச் சீட்டு. மூணு வாரத்துச் சீட்டும் இருக்கு. எல்லாத்துலயும் இவ பேரு. தேடித் தேடிப் பாத்தேன்... என் பேருல ஒண்ணுகூட இல்லம்மா. அழுக வந்துருச்சு எனக்கு, அவரு முன்னாடியே.

என்ன? திருடிட்டாளான்னு கேக்குறியா? அப்படிச் சொல்லிரலாம்னுதான் நானும் வாயத் தொறந்தேன்... வரல. ஏன்னா அவ தெனமும் எம் பேர எழுதத்தான் பேனாவ எடுத்தா. ‘எனக்கெதுக்குடி சீட்டு? நாந்தான் சூப்பர்வைசர் ஆகப் போறேனே! உம் பேரையே எழுதிக்கோ, பாவம்’னு சொன்னது...

இந்த வாய்தான்.