கயிறு பிடித்தவர் பெயர்

அன்று காலை கருப்பன் என்னிடம் ஓர் ஊக்குதான் கேட்டான். ஃபோனை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ள என் தங்கை இளவரசி பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்திருந்தாள். அதன் பொத்தான் அறுந்திருந்தது. கடையில் தாள்களைச் சேர்த்துக் குத்த வேண்டியிருப்பதால் என் சட்டைப்பையில் எப்போதும் ஒன்றிரண்டு ஊக்கு கிடக்கும். எடுத்து நீட்டினேன்.

"நீயே குத்தி வுடு மச்சான். குனிஞ்சா எனக்குத் தெரியல, தொப்பை வந்துடுச்சி."

அவனுக்குத் தொப்பையே கிடையாது. குத்திவிட்டேன். கேமராவின் கண் பைக்கு வெளியே சரியாகத் தெரிகிறதா என்றும் பார்த்தேன்.

என் வார்த்தையிலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள் சார். அதனால் வரிசையாக எழுதுகிறேன். பெயர் ஜீவானந்தம், பி.ஏ. வரலாறு. ஜமுனாமரத்தூரில் பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். மலையில் பாதிப் பேருடைய சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் என் கையால் போனதுதான். படிவம் நிரப்புவதில் நான் தவறு செய்ததில்லை.

கருப்பன் என் தங்கையின் கணவன். சாமை விதைப்பான், புளி உலுக்குவான், பாறைத்தேன் எடுப்பான். பாறை விளிம்பிலிருந்து கயிற்றில் இறங்கித்தான் அந்தத் தேனை எடுக்க வேண்டும். கயிற்றை ஒரு மரத்தில் ஒரு சுற்று சுற்றி, பின்னால் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஆனால் விளிம்பில் நின்று கயிற்றைக் கையில் வைத்திருப்பவன் ஒருவன்தான். எங்கள் பக்கம் அது இறங்குகிறவனின் மனைவியின் அண்ணனோ தம்பியோதான். கூடப்பிறந்தவளின் தாலியை அறுக்க யாருக்கும் மனம் வராது என்பதால் அப்படி வைத்தார்கள். தேனீ கலையும் என்பதால் கத்தக் கூடாது. கயிறுதான் பேசும். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் தூக்கு. கயிறு பிடித்தவன் வாயால் சொன்னால்தான் பின்னால் இருப்பவர்கள் இழுப்பார்கள். இளவரசிக்கு நான் ஒருவன்தான் அண்ணன்.

தேன் எடுப்பதை வீடியோவாகப் போடும் சேனல் என் யோசனை. இதை யாரும் மறுக்க முடியாது. ஐந்து வருடத்துக்கு முன் நான்தான் என் மின்னஞ்சலில், என் எண்ணில் அதைத் தொடங்கினேன். அவன் இறங்குவதைப் படம் எடுத்தவன் நான். வெட்டி ஒட்டி, பின்னால் விளக்கம் பேசியவனும் நான்தான். இருட்டில் எடுத்துக்கொண்டிருந்த தேனை விடிந்த பிறகு எடுக்கச் சொன்னவனும் நான். இருட்டில் ஈ பறக்காது என்பது உண்மைதான். ஆனால் இருட்டில் படமும் தெரியாது. இரண்டு வருடத்தில் ஆறு லட்சம் பேர் சேர்ந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் என் குரலைப் பாராட்டி எழுதியிருந்தார். அதை அச்செடுத்துக் கடையில் ஒட்டி வைத்திருந்தேன்.

போன வருடம் மாசியில் கருப்பன் கடைக்கு வந்தான்.

"மச்சான், நாமளே ஒரு சேனல் போடலாம்னு கீறோம்."

"நாமளேன்னா?"

"நானும் இளவரசியும். எறங்கறது நானு. கொட்டு வாங்கறது நானு. இன்னா நடக்குதுன்னு நானே சொன்னா நல்லா இருக்கும்ல? நீ பேசறது நல்லாத்தான் கீது. ஆனா நியூஸ் படிக்கற மாரி கீது மச்சான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பக்கத்தில் நகல் எடுக்க நின்றிருந்த ஒரு பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பழைய வீடியோக்களைக் கேட்டான். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று விதியை எடுத்துக் காட்டினேன். அவன் வற்புறுத்தவில்லை. தன் ஃபோனில் இருந்த பழைய துண்டுகளோடு புதிதாக எடுத்ததையும் சேர்த்துத் தன் குரலில் பேசிப் போட்டான். "இங்க பாரு, இது ராணி வூடு, இங்க கை வெச்சா மூஞ்சி மத்தளம் ஆயிடும்" என்கிற மாதிரியான பேச்சு. நான்கு மாதத்தில் என் ஆறு லட்சத்தைத் தாண்டினான். என் சேனலில் வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: தேன்காரர் எங்கே?

அந்தத் தளத்தில் உரிமை மீறலுக்குப் புகார்ப் படிவம் இருக்கிறது. நான் எடுத்த துண்டு அவன் வீடியோவில் இருந்தது. ஆகவே புகார் செய்தேன். பொய் எழுதவில்லை. மூன்று முறை எச்சரிக்கை வந்தால் சேனலையே எடுத்துவிடுவார்கள். இரண்டாவது, மூன்றாவது புகாரில் நான் காட்டிய வீடியோக்கள் அவனே எடுத்தவை. ஆனால் அந்த முறையில் படம் எடுக்கக் கற்றுக் கொடுத்தவன் நான் என்ற அடிப்படையில் அவற்றையும் சேர்த்தேன். அங்கே மனிதர்கள் யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. படிவம் சரியாக இருந்தால் போதும்.

முதல் எச்சரிக்கைக் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. கருப்பன் அதை என் கடைக்குத்தான் கொண்டு வந்தான். வேறு எங்கே போவான்?

"இன்னா மச்சான் போட்டுக்கீறான்?"

"ஒண்ணுமில்ல. விளம்பரம்."

இரண்டாவது கடிதத்துக்கும் அதையே சொன்னேன். பதில் எழுத அவனுக்குச் சில நாட்கள் இருந்தன. அவை கழிந்தன. மூன்றாவதை அவன் ஒடுகத்தூருக்குப் போனபோது, அவனிடம் புளி வாங்கும் வியாபாரியின் மகள் ஆஸ்மா படித்துச் சொன்னாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை செய்துவிட்டு, இப்போது வீட்டிலிருந்தே செய்கிற பெண். கடிதத்தில் புகார் கொடுத்தவர் பெயர் இருந்தது. அடுத்த வாரம் சேனல் போய்விட்டது.

அவன் என்னிடம் சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சந்தையில் பார்த்தபோது, "விளம்பரமா மச்சான்?" என்றான். அவ்வளவுதான். கை நிறைய வேர்க்கடலை வைத்திருந்தான். பாதியை என் கையில் கொட்டிவிட்டுப் போனான்.

ஆஸ்மா அவனுக்கு வேறு ஏற்பாடு செய்து கொடுத்தாள். உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரு பெரிய கம்பெனியின் கட்டடத்தில் வீடியோவை வைக்காமல் நான்கு வீடுகளில் நான்கு சின்னப் பெட்டிகளில் வைப்பது. பெட்டி சாப்பாட்டு டப்பா அளவுதான். ஒன்று கருப்பன் வீட்டில், சோலாரில் ஓடியது. ஒன்று ஒடுகத்தூரில் ஆஸ்மா வீட்டில். ஒன்று செங்கத்தில், ஒன்று கண்ணமங்கலத்தில். ஒன்றில் ஏறினால் நான்கிலும் ஏறிவிடும். ஒன்று அணைந்தால் மற்றது கொடுக்கும். பார்க்கிறவர்களும் பார்க்கும்போதே ஒரு துண்டை அடுத்தவருக்குக் கை மாற்றிவிடுகிறார்கள். அவன் எதையும் அழுத்தக்கூட வேண்டாம். ஃபோன் வீட்டு வாசலுக்குள் வந்தாலே எடுத்ததெல்லாம் தானாக ஏறிவிடும்.

பார்த்தவர்கள் குறைவு. சில ஆயிரம் பேர்தான். அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கத்தில் புகார்ப் படிவத்தைத் தேடினேன். இல்லை. ஆஸ்மாவுக்கு ஃபோன் செய்தேன்.

"எல்லாத்தையும் எடுக்கற பட்டன் ஒரே இடத்துல இல்ல சார். உங்களுதுன்னு நீங்க சொல்ற துண்டையெல்லாம் அப்பவே வெட்டிட்டோம். மிச்சத்துக்கு ஆதாரம் இருந்தா நாலு வூட்டுக்கும் போய்க் கேளுங்க. நாலு பேரும் சரின்னா எடுத்துக்கலாம்."

போனேன். கையில் எழுத்து மூலமான கோரிக்கையோடு செங்கத்துக்குப் பஸ் ஏறிப் போனேன். அங்கே பெட்டி வைத்திருந்தவர் மங்கம்மாள் என்கிற டியூஷன் டீச்சர். மோர் கொடுத்தார். கோரிக்கையை இரண்டு தடவை படித்து, ஒரு ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பித் தந்தார்.

"அது பாட்டுக்கு ஃப்ரிட்ஜ் மேல கீதுங்க. சத்தங்கூட போடல. அந்தப் புள்ள பேசறத கேட்டாத்தான் எங்க வூட்டுக்காரருக்குச் சோறு எறங்குது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஒரு மனிதன் தன்னுடையதைக் கேட்க ஒரு கதவு இருக்க வேண்டாமா என்று யோசித்தேன். இப்போதும் அது நியாயமான கேள்வி என்றுதான் நினைக்கிறேன்.

இந்த வருடம் பங்குனியில் ஆந்தைப்பாறையில் பெரிய தேனடைகள் கட்டியிருந்தன. கருப்பன் என் வீட்டுக்கு வந்து கூப்பிட்டான். ஆஸ்மா அவனுக்கு மலையேறுகிறவர்கள் போடும் இடுப்பு வாரும் கொக்கியும் வாங்கித் தருவதாகச் சொன்னாளாம். வேறு யாரையாவது கயிறு பிடிக்க வைக்கவும் சொன்னாளாம்.

"மச்சான் இருக்கசொல்ல வேற எவன் புடிப்பான்னேன். அது வேற, இது வேற. காலைல வந்துடு."

நான் எந்தத் திட்டத்தோடும் பாறைக்குப் போகவில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஊக்கு குத்திய விஷயத்தை மேலே எழுதிவிட்டேன். புகைப்பந்தத்தோடு அவன் இறங்கினான். எனக்குப் பின்னால், ஈக்குப் பயந்து தூரமாக மர நிழலில் வடிவேலுவும் அவன் அண்ணன் தம்பிகள் இரண்டு பேரும் கயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். வடிவேலு எங்கள் பங்காளி. விளிம்புக்குக் கீழே பாறை உள்ளே குடைந்திருப்பதால் கீழே இருப்பவனை மேலிருந்து யாராலும் பார்க்க முடியாது. பக்கத்தில் ஓடை விழும் சத்தத்தில் குரலும் கேட்காது. இரண்டு இழுப்பு வந்தது. இறக்கச் சொன்னேன். ஒரு இழுப்பு வந்தது. நிறுத்தச் சொன்னேன். வெயில் ஏறிவிட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. கீழேயிருந்து வந்துகொண்டிருந்த புகை நின்றது.

பிறகு மூன்று இழுப்பு வந்தது.

அப்போது நான் ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் மார்பில் ஓடுகிற வீடியோ யாருடையது? கயிறு என் கையில் இருக்கிறது. கயிறு இல்லாமல் வீடியோ இல்லை. இதை எந்தப் படிவத்தில் எழுதுவது? யோசித்து முடிப்பதற்குள் மறுபடி மூன்று வந்தது.

"இன்னாண்ணா, தூக்கலாமா? ஈ கலைஞ்ச மாரி கீதே?" என்றான் வடிவேலு.

"இரு. அவன் இன்னும் சொல்லல."

மறுபடி மூன்று. வடிவேலு மறுபடி கேட்டான். நான் அதே பதிலைச் சொன்னேன். நான்காவது தடவை மூன்று இழுப்பும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வந்தன. உள்ளங்கை உரிந்தது. அதற்குப் பிறகு வெகு நேரம் கழித்து ஒரே ஒரு இழுப்பு வந்தது. ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. நான் நிறுத்தித்தான் வைத்திருந்தேன். அது அடங்கிய பிறகு, "இப்ப இழுங்க" என்றேன்.

கயிற்றை நான் விடவே இல்லை சார். வடிவேலுவைக் கேளுங்கள். ஒரு அங்குலம்கூட நழுவவில்லை.

வீட்டுக்குத்தான் முதலில் கொண்டு போனோம். ஆம்புலன்ஸ் வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதுவரை வாசலில் பாயில் கிடத்தியிருந்தோம். முகம் அடையாளம் தெரியவில்லை. இளவரசி அழுது ஓய்ந்த ஒரு நேரத்தில் என் கைகளைப் பார்த்தாள். எழுந்து போய் விளக்கெண்ணெய் எடுத்து வந்து உரிந்த இடத்தில் தடவினாள். "எங்கண்ணன் வுடல பாரு, இந்தக் கைய பாரு" என்று வந்தவர்களிடமெல்லாம் என் கையைத் தூக்கிக் காட்டினாள். வந்தவர்கள் என்னைக் கும்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் தேனீ கொட்டி மரணம் என்று எழுதினார்கள். அது சரியான தகவல்தான்.

ஃபோனைப் பத்திரமாக வைப்பதாகச் சொல்லி, ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஊக்கைக் கழற்றி நான் எடுத்துக்கொண்டேன். கடைக்குப் போய் எல்லாவற்றையும் அழித்தேன். அழித்த பிறகுதான் அந்த மூன்று மணி நேரம் நினைவுக்கு வந்தது. அவன் வாசலில் கிடந்தபோதே மார்பில் கட்டியிருந்த ஃபோன் தன் வேலையை முடித்திருந்தது. என் வாழ்க்கையில் கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் செய்த ஒரே கவனப் பிசகு இதுதான்.

நிறையப் பேர் பார்த்தார்கள். வெளியூர்க்காரர்களுக்குப் பாறையும் ஈயும் ஒரு கையும்தான் தெரிந்திருக்கும். கை கயிற்றை எத்தனை தடவை இழுத்தது என்று எண்ண வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இளவரசிக்குத் தெரியும். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பொறுத்திருந்து, மறுநாள் காலை என் கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"மூணு மூணா நாலு தரம் இழுத்துக்கீறாரு. உன் கைக்கு வந்துச்சாண்ணா?"

"நான் கயிற்ற விடவே இல்ல இளவரசி."

"அத நான் கேக்கல."

அங்கிருந்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். அந்த வீடியோவை எடுத்துவிடலாமா என்று ஆஸ்மா கேட்டபோதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

வந்தது. நான்கு தடவையும் வந்தது. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். நான் வாயால் சொல்லியிருந்தால் அவன் முதல் மூன்றிலேயே மேலே வந்திருப்பான். முகம் கொஞ்சம் வீங்கி, என்னைத் திட்டிக்கொண்டே வந்திருப்பான். இது என் ஒப்புதல்.

இன்னும் ஒன்று. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே தானாக விழும்படி கருப்பன் ஒரு வரி எழுதி வைத்திருந்தான். நான் அவன் சேனலைப் போக வைத்த பிறகு எழுதியது அது. நேற்று நீங்கள் உங்கள் ஃபோனில் காட்டியபோதுதான் அதைச் சரியாகப் படித்தேன். நான்கு வீட்டிலும் அது அப்படியேதான் இருக்கிறது. "கயிறு: என் மச்சான் ஜீவானந்தம்."